அமெரிக்க நகரத்துக்குக் குடிபெயரும் முன் குற்ற விகிதத்தை எடைபோடும் முறை: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வேலையோ படிப்போ உறுதியானதும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கேட்பது அந்த ஊர் பாதுகாப்பானதா என்றுதான். இணையத்தில் தேடினால் 'மிக ஆபத்தான பத்து நகரங்கள்' என்ற வகைப் பட்டியல்கள் உடனே வந்து நிற்கின்றன. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம் அத்தகைய பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறும். 2020இல் சுமார் மூன்று லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரில் 263 கொலைகள் நடந்தன. லட்சம் பேருக்கு 87 என்று ஆகிறது. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான விகிதம் ஏழுக்கும் குறைவு. கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஆனால் செயின்ட் லூயிஸில் வேலை கிடைத்த ஒருவர் எந்தத் தெருவில் வீடு பார்ப்பது, காரை எங்கே நிறுத்துவது, இரவில் எந்த வழியாகத் திரும்புவது என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்த எண்ணில் விடை கிடையாது.

இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடலாம். குற்ற விகிதத்தை வைத்து நகரங்களை வரிசைப்படுத்துவதில் பயன் குறைவு; வீடு பார்க்கும் தெருக்களையும் குடியிருப்புகளையும் வடிகட்டுவதற்கே அது உதவும். கீழே உள்ள படிகள் நகரத்தில் தொடங்கித் தெருவில் முடிவது அதனால்தான்.

முதல் படி: எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் ஒரே காவல்துறை கிடையாது. நகரக் காவல்துறை, கவுன்டி எனப்படும் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவின் காவல் தலைவரான ஷெரிஃப், பல்கலைக்கழகக் காவல், போக்குவரத்துக் காவல் என்று பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி அமைப்புகள் இயங்குகின்றன. அவை அனுப்பும் தகவலை 1930 முதல் எஃப்.பி.ஐ. திரட்டி வெளியிடுகிறது. இப்போது அந்தத் தரவை எஃப்.பி.ஐ.யின் 'கிரைம் டேட்டா எக்ஸ்ப்ளோரர்' என்ற இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கூட்டாட்சி அளவில் இந்தத் தகவலை அனுப்புவது கட்டாயமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டின் எண்களைத் தனி எச்சரிக்கையோடு அணுகுங்கள். அந்த ஆண்டில் எஃப்.பி.ஐ. பழைய தொகுப்பு முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் விரிவாகப் பதியும் நிப்ரஸ் என்ற முறைக்கு முழுமையாக மாறியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ளிட்ட பெரிய காவல்துறைகள் அந்த மாற்றத்துக்குத் தயாராகவில்லை. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத் தரவே வரவில்லை. அடுத்த ஆண்டு பழைய முறையிலும் அனுப்பலாம் என்று எஃப்.பி.ஐ. இறங்கிவந்தது. ஆகவே 2021ஐ அடிப்படையாகக் கொண்ட எந்தத் தரவரிசையையும் ஒதுக்கிவிடுவது நல்லது. முறை மாறியதன் விளைவு இன்னொன்றும் உண்டு. பழைய முறையில் ஒரே சம்பவத்தில் வழிப்பறியும் கொலையும் நடந்திருந்தால் கொலை மட்டுமே கணக்கில் ஏறும். புதிய முறையில் இரண்டும் பதிவாகும். குற்றம் கூடாமலேயே எண் கூடியதுபோல் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

காவல்துறைக்குத் தெரியவராத குற்றங்கள் மிக அதிகம் என்பதும் முக்கியம். நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 1973 முதல் வீடு வீடாக மக்களிடமே கேட்டு நடத்தும் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பின்படி, வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் குறைவானவையும் சொத்துக் குற்றங்களில் மூன்றில் ஒன்று அளவிலானவையுமே காவல்துறையிடம் போகின்றன. இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. புகார் கொடுத்தால் காவலர் வருவார் என்று மக்கள் நம்பும் ஊரில் திருட்டு எண்ணிக்கை கூடுதலாகவும், புகாரால் பயனில்லை என்று மக்கள் கைவிட்ட ஊரில் குறைவாகவும் தெரியக்கூடும். ஊர்களுக்கிடையே ஒப்பிடுவதற்கு ஓரளவு நம்பத்தக்கவை இரண்டு: கொலை, கார் திருட்டு. முன்னதை மறைப்பது கடினம். பின்னதற்கு இன்சூரன்ஸ் தொகை பெற காவல்துறை அறிக்கை தேவைப்படுவதால் பெரும்பாலானோர் புகார் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: நகரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று பாருங்கள்

பட்டியல்கள் செய்யும் பிழைகளில் மிகப் பெரியது இங்கேதான் இருக்கிறது. விகிதம் என்பது குற்றங்களின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைப்பது. எந்த எல்லைக்குள் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

செயின்ட் லூயிஸ் 1876இல் நடந்த வாக்கெடுப்பின் வழியே தன்னைச் சூழ்ந்த கவுன்டியிலிருந்து பிரிந்து தனி நகரமானது. அன்று வகுத்த எல்லை இன்றுவரை விரியவில்லை. பரப்பளவு சுமார் 62 சதுர மைல். 1950இல் அந்த எல்லைக்குள் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்தனர். 2020 கணக்கெடுப்பில் அது மூன்று லட்சமாகச் சுருங்கியிருந்தது. வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் எல்லைக்கு அப்பால் உள்ள புறநகர்களில் குடியேறினர். இன்று செயின்ட் லூயிஸ் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். அதில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே 'நகரவாசி'. வறுமையும் வன்முறையும் அதிகமுள்ள பகுதிகள் உள்ளேயும், அமைதியான புறநகர்கள் வெளியேயும் இருக்கும்படி எல்லை அமைந்துவிட்டதால் லட்சம் பேருக்கான விகிதம் வானத்துக்கு ஏறுகிறது.

ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1968இல் அந்த நகரம் டூவல் கவுன்டியோடு ஒன்றாக இணைக்கப்பட்டது. சுமார் 750 சதுர மைல் நிலப்பரப்புள்ள அந்த நகர எல்லைக்குள் டவுன்டவுனும் அடங்கும், புல்வெளியும் நீச்சல்குளமும் கொண்ட புறநகர்த் தெருக்களும் அடங்கும். இந்த இரண்டு ஊர்களின் விகிதங்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது, உண்மையில் ஒப்பிடப்படுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு வாக்கெடுப்பையும் இருபதாம் நூற்றாண்டின் ஓர் இணைப்பையும்தான். அமெரிக்கக் குற்றவியல் சங்கம் 2007இல் இத்தகைய தரவரிசைகளை எதிர்த்துத் தீர்மானமே நிறைவேற்றியது, எஃப்.பி.ஐ.யும் தன் தரவைக் கொண்டு நகரங்களை வரிசைப்படுத்த வேண்டாம் என்று எச்சரித்துவந்திருக்கிறது. பட்டியல் தயாரிப்பவர்கள் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

வகுக்கும் எண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கள்தொகை என்றால் இரவில் அங்கே தூங்குபவர்கள் மட்டுமே. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய வெர்னன் என்ற தொழிற்சாலை நகரில் குடியிருப்பவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. பகலில் வேலைக்கு வருபவர்களோ பல்லாயிரம் பேர். அங்கே நடக்கும் திருட்டுகளை முந்நூறால் வகுத்தால் வரும் விடையில் பொருளே இருக்காது. சுற்றுலா நகரங்களிலும் பெரிய விமான நிலையமோ வணிக வளாகமோ உள்ள சிற்றூர்களிலும் இதே கதைதான்.

நடைமுறையில் இந்தப் படிக்கு நீங்கள் செய்ய வேண்டியது, பார்த்துவைத்திருக்கும் வீடு உண்மையில் எந்த ஆட்சி எல்லைக்குள் வருகிறது என்று உறுதிசெய்வது. அஞ்சல் முகவரியை நம்பக் கூடாது. செயின்ட் லூயிஸ் என்று அஞ்சல் முகவரி கொண்ட எத்தனையோ வீடுகள் நகரத்துக்கு வெளியே, கிரீவ் கோர் போன்ற தனி நகராட்சிகளில் இருக்கின்றன. அட்லாண்டா, ஹூஸ்டன் முகவரிகளும் அப்படியே. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 'ஜியோகோடர்' என்ற இலவசக் கருவியில் முகவரியை இட்டால் அது எந்த நகராட்சிக்கும் கவுன்டிக்கும் உட்பட்டது என்று காட்டிவிடும். நகராட்சி எதிலும் சேராத இடமென்றால் அங்கே பெரும்பாலும் காவல் பொறுப்பு ஷெரிஃபுடையது. தரவையும் அவருடைய அலுவலகத்தின் பெயரில்தான் தேட வேண்டும். பெயர்க் குழப்பத்தையும் கவனியுங்கள்: ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்பது செயின்ட் லூயிஸின் கிழக்குப் பகுதி அன்று; மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், இல்லினாய் மாநிலத்தில் உள்ள வேறொரு நகரம்.

மூன்றாம் படி: 'குற்றம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

மொத்தக் குற்ற விகிதம் என்று ஓர் எண்ணைக் கண்டால் அதை அப்படியே ஏற்காதீர்கள். எஃப்.பி.ஐ. கணக்கில் கொலை, பாலியல் வன்முறை, வழிப்பறி, கொடுந்தாக்குதல் ஆகியவை வன்முறைக் குற்றங்கள்; வீடு புகுந்து திருடுதல், சாதாரணத் திருட்டு, கார் திருட்டு ஆகியவை சொத்துக் குற்றங்கள். சொத்துக் குற்றங்களின் எண்ணிக்கை வன்முறையைப் போல ஐந்து மடங்கு இருக்கும். அதிலும் பெரும்பகுதி கடைத் திருட்டும் காரில் வைத்த பொருள் போவதும்தான். எனவே மொத்த எண் என்பது பெரும்பாலும் திருட்டின் எண்ணே.

சான் பிரான்சிஸ்கோ இதற்குத் தெளிவான சான்று. 2017இல் அந்த நகரில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடிய சம்பவங்கள் 31,000க்கும் மேல் பதிவாயின. இன்றும் அந்த ஊர் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது நடைபாதையில் சிதறிய கண்ணாடித் துண்டுகள்தான். ஆனால் 2024இல் அங்கே நடந்த கொலைகள் 35. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரத்துக்கு அது லட்சத்துக்கு நான்கு சொச்சம்; நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. காரில் பையை விட்டுச் செல்லாத ஒருவருக்கு இந்த ஊர் ஒரு மாதிரியும், தெருவோரம் கார் நிறுத்துவதைத் தவிர வழியில்லாதவருக்கு வேறு மாதிரியும் இருக்கும்.

கார் திருட்டைத் தனியாகப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பழைய கார் வாங்குவது. சாவி இல்லாமல் எஞ்சினை இயக்கவிடாத இம்மொபிலைசர் பொருத்தப்படாத சில ஹூண்டாய், கியா மாடல்களை எளிதாகத் திருடும் முறை 2021 வாக்கில் மில்வாக்கியில் தொடங்கிச் சமூக ஊடகம் வழியே நாடெங்கும் பரவியது. பிற்பாடு நிறுவனங்கள் மென்பொருள் திருத்தத்தை இலவசமாக அளித்தன. 2011க்கும் 2021க்கும் இடைப்பட்ட அந்த வகைக் கார் வாங்குவதாக இருந்தால், திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்பதும், குடியேறும் இடத்தின் ஜிப் கோடுக்கு (அஞ்சல் குறியீட்டு எண்) இன்சூரன்ஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரிப்பதும் அவசியம். ஒரே கார், ஒரே ஓட்டுநர் என்று வைத்துக்கொண்டு இரண்டு ஜிப் கோடுகளுக்கு விலை கேட்டுப் பாருங்கள். பல மாநிலங்களில் வரும் வித்தியாசம், அந்த வட்டாரங்களில் திருட்டுக்கும் விபத்துக்கும் நிறுவனங்கள் கொடுத்த இழப்பீட்டின் சாரமாக இருக்கும்.

நான்காம் படி: ஓராண்டு எண்ணில் முடிவெடுக்காதீர்கள்

ஃபிலடெல்ஃபியாவில் 2021இல் 562 கொலைகள். அந்நகரின் வரலாற்றிலேயே மிக அதிகம். 2024இல் 269. மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே. 2020இல் நாடு முழுவதும் கொலைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதும், 2023லும் 2024லும் வேகமாகக் குறைந்ததும் தெரியாமல் எந்த ஊரின் எண்ணையும் பொருள்கொள்ள முடியாது. உங்கள் நகரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதோடு, நாடு போன திசையிலேயே போகிறதா என்றும் பாருங்கள். செயின்ட் லூயிஸும் 2023இல் 158, 2024இல் 150 என்று இறங்கியிருக்கிறது. விகிதம் இன்னும் மிக உயரத்தில்தான் இருக்கிறது என்றாலும், 2020ஐ வைத்து எழுதிய கட்டுரை இன்றைய நிலையைச் சொல்லாது.

சிற்றூர் என்றால் ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள். இருபதாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரே ஒரு கொலை நடந்தால் விகிதம் லட்சத்துக்கு ஐந்து. ஒன்றும் நடக்காவிட்டால் பூஜ்யம். இரண்டுமே அந்த ஊரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எஃப்.பி.ஐ.யின் ஆண்டு அறிக்கை பல மாதத் தாமதத்தோடு வருவதால், அண்மை நிலவரத்துக்கு நகரக் காவல்துறையின் சொந்தப் பக்கத்தையோ, பல நூறு காவல்துறைகளின் மாதாந்திர எண்களைத் திரட்டும் 'ரியல் டைம் கிரைம் இன்டெக்ஸ்' என்ற தளத்தையோ பார்க்கலாம்.

ஐந்தாம் படி: நகரத்தை விட்டுத் தெருவுக்கு வாருங்கள்

முழு முயற்சியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. குற்றம் ஒரு நகரத்தில் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. 1989இல் லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் மினியாபொலிஸ் நகரில், காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி வெறும் மூன்று விழுக்காடு அளவிலான முகவரிகளிலிருந்தே வந்தன என்று கண்டனர். பின்னர் டேவிட் வைஸ்பர்ட் தலைமையிலான குழு சியாட்டில் நகரின் தெருக்களைப் பல ஆண்டுகளுக்கு ஆராய்ந்தபோது, நான்கைந்து விழுக்காடு தெருத்துண்டுகளில் பாதிக் குற்றங்கள் நடப்பதையும், அந்தத் தெருக்கள் ஆண்டுதோறும் பெரும்பாலும் மாறாமலே இருப்பதையும் காட்டினர். பாதுகாப்பான நகரத்திலும் போகக் கூடாத சந்திப்பு இருக்கும். ஆபத்தான நகரத்திலும் ஆண்டு முழுவதும் ஒன்றும் நடக்காத தெருக்கள்தான் மிகுதி. சிகாகோ என்ற ஒரே பெயரின் கீழ், நாட்டிலேயே மிக உயர்ந்த கொலை விகிதம் கொண்ட பகுதிகளில் ஒன்றான வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கும், கொலை மிக அரிதாகவே பதிவாகும் எடிசன் பார்க்கும் சேர்ந்தே இருக்கின்றன.

தெரு அளவுத் தரவைப் பெரிய நகரங்கள் தாமே வெளியிடுகின்றன. சிகாகோவின் தரவுத்தளத்தில் 2001 முதலான ஒவ்வொரு குற்றமும் கட்டடத்தொகுதி அளவில் இருக்கிறது. நியூயார்க் காவல்துறை காவல்நிலைய வாரியாக வாராந்திர எண்களை வெளியிடுகிறது. செயின்ட் லூயிஸில் நகரம் 79 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. பார்த்துவைத்த வீட்டைச் சுற்றி அரை மைல் வட்டம் வரைந்து, கடந்த பன்னிரண்டு மாதங்களில் வழிப்பறி, கொடுந்தாக்குதல், வீடு புகுதல், கார் திருட்டு ஆகிய நான்கை மட்டும் எண்ணுங்கள். அதன்பின் எந்த நேரத்தில் நடந்தன, என்ன வகை இடத்தில் நடந்தன என்று பாருங்கள். மதுக்கடை வாசலில் நள்ளிரவில் நடந்த பத்துத் தாக்குதல்களும், குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மாலை ஏழு மணிக்கு நடந்த இரண்டு வழிப்பறிகளும் வரைபடத்தில் ஒரே நிறப் புள்ளிகளாகத் தெரியும். உங்களுக்கு அவை ஒன்றல்ல.

அபார்ட்மென்ட் என்றால் இன்னும் ஒரு படி இறங்கலாம். குறிப்பிட்ட முகவரிக்கு ஓராண்டில் எத்தனை முறை காவலர் அழைக்கப்பட்டார், எதற்காக என்ற பதிவைப் பல காவல்துறைகள் பொதுப்பதிவுக் கோரிக்கையின் பேரில் தருகின்றன. அடுத்தடுத்து இருக்கும், வாடகையும் ஒத்திருக்கும் இரண்டு வளாகங்களுக்கு இடையே இந்தப் பதிவில் பெரிய வேறுபாடு இருக்கலாம். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று குறைவு.

வீடு காட்டும் ரியல் எஸ்டேட் ஏஜென்டிடம் 'இந்தப் பகுதி பாதுகாப்பானதா' என்று கேட்டால் அவர் நழுவுவார். அது அலட்சியம் அல்ல. இனத்தையோ மதத்தையோ பார்த்து வாங்குபவர்களை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவது 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டப்படி சட்டவிரோதம் என்பதால், பாதுகாப்பு குறித்துக் கருத்துச் சொல்வதையே ஏஜென்டுகள் தவிர்க்கிறார்கள். இதே கவலையோடு ரியல்டர் டாட் காம், ட்ரூலியா ஆகிய தளங்கள் 2021 முடிவிலும் 2022 தொடக்கத்திலும் தம் குற்ற வரைபடங்களை நீக்கிவிட்டன. அதனால் தேடும் வேலை உங்கள் தலையில்தான். வட்டாரத்துக்கு 'ஏ', 'பி' என்று மதிப்பெண் தரும் தளங்கள் பலவும் உண்மைச் சம்பவங்களை எண்ணுவதில்லை. பெரிய பகுதியின் எண்ணிலிருந்து மதிப்பீட்டு மாதிரி கொண்டு சிறிய பகுதிக்கு ஊகிக்கின்றன.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'அந்த ஏரியா சரியில்லை' என்று வரும் தீர்ப்புகளில் பல, அங்கே நடக்கும் குற்றத்தைப் பற்றியவை அல்ல. அங்கே வாழ்பவர்களின் நிறத்தைப் பற்றியவை. செயின்ட் லூயிஸை இன வாரியாகப் பிரிக்கும் கோடுபோல அமைந்த டெல்மார் பூலவார்டு என்ற சாலைக்கு வடக்கே, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில், வன்முறை மிகுந்திருப்பது உண்மை. அந்தக் கோடு எப்படி உருவானது என்பதற்கும் வரலாறு உண்டு. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த ஷெல்லி வழக்கு இந்த ஊரில் எழுந்ததே. மக்களின் நிறத்தைக் குற்றத்தின் அளவுகோலாகக் கொள்பவர், அறத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், தவறான கணக்கையே போடுகிறார். வரைபடம் திறந்து கிடக்கும்போது அந்தக் கணக்குக்குத் தேவையும் இல்லை.

ஆறாம் படி: உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள்

கொலையுண்டவருக்கும் கொன்றவருக்கும் உள்ள உறவு தெரியவந்த வழக்குகளில் பெரும்பாலானவை உறவினராலோ அறிமுகமானவராலோ நடந்தவை. பலியாவோரில் இளம் ஆண்களே மிக அதிகம். ஆகவே நகரத்தின் கொலை விகிதம் அதில் வாழும் ஒவ்வொருவருக்குமான ஆபத்து ஆகாது. உங்கள் ஆபத்தைத் தீர்மானிப்பவை உங்கள் வேலை நேரம், போக்குவரத்து முறை, வீட்டின் வகை ஆகியவையே. இரவு முழுவதும் திறந்திருக்கும் பெட்ரோல் நிலையத்திலோ கடையிலோ பணப்பெட்டிக்குப் பின்னால் தனியாக நிற்பவருக்கு வழிப்பறி ஆபத்து, அதே தெருவில் மடிக்கணினியோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரைவிடப் பல மடங்கு.

மாணவர்கள் கிளெரி சட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கூட்டாட்சி நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் மூன்று ஆண்டுக் குற்ற எண்களோடு பாதுகாப்பு அறிக்கையை ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வெளியிட வேண்டும் என்று 1990இல் வந்த அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்த அறிக்கை வளாகத்தையும், அதை ஒட்டிய பொது இடங்களையும், கல்லூரியின் கட்டுப்பாட்டில் உள்ள பிற கட்டடங்களையும் மட்டுமே சொல்லும். நம் மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வெளி அபார்ட்மென்ட் அதில் வராது. அதற்கு ஐந்தாம் படிதான்.

குழந்தைகள் உள்ள குடும்பங்கள் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பொதுப்பதிவேட்டில் முகவரியை இட்டுப் பார்க்கலாம். எந்த வட்டாரத்திலும் ஒருசிலர் இருப்பார்கள்; பெயரைக் கண்டதும் பதறாமல், என்ன குற்றம், எப்போது என்று படிக்க வேண்டும். வெறுப்புக் குற்றங்களுக்கும் எஃப்.பி.ஐ. தனித் தொகுப்பு வெளியிடுகிறது. இந்து, சீக்கியர், அரபியர் ஆகியோருக்கு எதிரானவை 2015 முதல் தனியாகப் பதிவாகின்றன. பல காவல்துறைகள் பூஜ்யம் என்றே அனுப்புவதால், அதில் குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதியடைவதற்கு இல்லை.

இந்தியக் குடும்பங்களுக்கென்றே உள்ள ஓர் ஆபத்து தங்க நகை. நம் வீடுகளில் நகை இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரியும். 2011க்கும் 2014க்கும் இடையே டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன் உள்ளிட்ட மாநிலங்களில் ஆசிய, இந்தியக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து வீடு புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பலைக் கூட்டாட்சி வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கித் தந்தனர். குறைந்த குற்ற விகிதம் கொண்ட வசதியான புறநகர் இந்த விஷயத்தில் பாதுகாப்பு தராது; இலக்கே அந்தப் புறநகர்தான்.

ஏழாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

வேலைக்கு முந்தைய பயணத்திலோ, முதல் சில வாரங்கள் தற்காலிக அறையில் தங்கும்போதோ இதைச் செய்யலாம். வார நாள் மாலை ஒன்று, சனிக்கிழமை இரவு ஒன்று என இரண்டு வேளைகளில் அந்தத் தெருவில் நடங்கள். தெருவிளக்குகள் எரிகின்றனவா, கார் நிறுத்தும் இடத்தில் உடைந்த கண்ணாடித் துகள்கள் கிடக்கின்றனவா, வாசலில் பொட்டலங்கள் வைக்கப்பட்டு அப்படியே இருக்கின்றனவா என்று கவனியுங்கள். காவல்நிலையத்தின் அவசரமற்ற எண்ணுக்கு அழைத்து அந்தப் பகுதியின் சமூகத் தொடர்பு அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்; புதிதாக வருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் தயங்காமல் பேசுவார்கள். ஆறு மாதமாவது அங்கே வசித்த ஒரு வாடகைதாரரிடம் 'கார் எங்கே நிறுத்துகிறீர்கள், ஏதாவது நடந்திருக்கிறதா' என்று கேட்பது, அலுவலகத்தில் வைத்திருக்கும் விளம்பரத் தாளைவிட அதிகம் சொல்லும்.

எட்டாம் படி: மற்ற ஆபத்துகளோடும் செலவுகளோடும் சேர்த்து எடைபோடுங்கள்

2023இல் அமெரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ 41,000 பேர் இறந்தனர். அதே ஆண்டின் கொலைகளைப் போல இரு மடங்கு. குற்றத்துக்கு அஞ்சித் தொலைவில் வீடு எடுப்பவர் இந்த எண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செயின்ட் லூயிஸையே எடுத்துக்கொள்வோம். சென்ட்ரல் வெஸ்ட் எண்ட் பகுதியில் உள்ள மருத்துவ ஆய்வகம் ஒன்றில் வேலை. அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில், நகர எல்லைக்குள் ஓர் அபார்ட்மென்ட் கிடைக்கிறது. இன்னொரு வாய்ப்பு செஸ்டர்ஃபீல்ட் புறநகரில் ஒரு வீடு. ஒரு வழிக்குச் சுமார் 20 மைல். ஆண்டுக்கு 240 வேலைநாள் என்றால் 9,600 மைல். நாட்டுச் சராசரியாகப் பத்துக் கோடி மைல் பயணத்துக்கு 1.26 உயிரிழப்பு; இந்தப் பயணத்துக்கு அது ஆண்டில் லட்சம் பேருக்குச் சுமார் 12. அகன்ற நெடுஞ்சாலையில், குடிக்காமல், இருக்கைப் பட்டை அணிந்து ஓட்டுபவருக்கு இதைவிட நன்றாகவே குறையும். அப்படிக் குறைத்த பிறகும், அபார்ட்மென்ட் இருக்கும் பகுதியில் கொல்லப்படும் ஆபத்தோடு சேர்த்து எடைபோட வேண்டிய ஆபத்துதான் அது. நகரத்தின் பெயரைப் பார்த்து ஓடியவர், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தை வாங்கிக்கொண்டிருக்கலாம். இதற்காக அபார்ட்மென்டே சரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பால்வினில் உள்ள இந்துக் கோயிலும், பள்ளியும், நண்பர்களும் மேற்குப் புறநகரில் இருக்கும் குடும்பத்துக்கு செஸ்டர்ஃபீல்ட் பொருத்தமாகவே இருக்கும். தனியாக வாழும் ஆய்வாளருக்கு நடந்து போகும் தூரம் அருமையானது.

முடிவெடுக்கும்போது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. மலிவான வாடகை மோசமான பாதுகாப்பை அந்தக் கூட்டலில் எளிதாக மறைத்துவிடும். முதலில் குறைந்தபட்ச வரம்பு ஒன்றை வையுங்கள்: வீட்டிலிருந்து அரை மைலுக்குள் ஓராண்டில் இத்தனைக்கு மேல் வழிப்பறி நடந்த இடம் வேண்டாம், மூடிய கார் நிறுத்தம் இல்லாத இடம் வேண்டாம் என்பதுபோல. இந்த வரம்புக்குப் பொருந்தும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பின் குற்ற எண்களைத் திரும்பவும் எடுக்காமல், வாடகை, பயண நேரம், பள்ளி ஆகியவற்றால் வரிசைப்படுத்துங்கள். லட்சத்துக்கு 120 என்பதற்கும் 140 என்பதற்கும் இடையே மல்லாடிக்கொண்டிருப்பது, இந்தத் தரவின் பிழை அளவை வைத்துப் பார்த்தால், வீண் வேலை.

குடியேறும்போது

முதல் ஒப்பந்தத்தை, வாடகை சற்றுக் கூடினாலும், ஆறு மாதத்துக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அருகில் குற்றம் நடந்தது என்பதை மட்டும் காரணம் காட்டிப் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தை முறிப்பது பொதுவாக எளிதல்ல. தரைத்தளத்தைவிட மேல்தளம் நல்லது. பொட்டலங்களுக்குப் பூட்டுப்பெட்டி உள்ள வளாகம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைதாரர் இன்சூரன்ஸ் மாதத்துக்குச் சில பத்து டாலருக்குள் கிடைக்கும். ஆனால் வழக்கமான பாலிசிகளில் நகைத் திருட்டுக்கான உச்சவரம்பு பெரும்பாலும் 1,500 டாலர் அளவில் நின்றுவிடும். நான்கைந்து சவரன் வைத்திருப்பவருக்குக்கூட அது போதாது. நகைகளை மதிப்பீடு செய்து தனிப் பட்டியலாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பெட்டகத்தில் வைப்பவர்கள் கவனிக்க: வைப்புத்தொகைக்கு உள்ள எஃப்.டி.ஐ.சி. காப்பீடு பெட்டகத்தில் உள்ள பொருளுக்குப் பொருந்தாது. அதற்கும் நகைப் பட்டியலோடு கூடிய தனி இன்சூரன்ஸ் தேவை.